விஜயதசமியன்று காணாமல்போன துப்பாக்கி

தாலுகா கச்சேரி முற்றத்தில் ஜமேதார் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி இறக்கிய அந்தக் காலை வேளையை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பழைய காக்கிக் கோட்டை மாட்டி, பொத்தான்களை ஒன்றுவிடாமல் பூட்டி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். தாசில்தார் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு உத்தரவு சொல்லச் சொல்ல, ஜமேதாரின் குதிகால்கள் டக்கென்று ஒட்டின. துப்பாக்கி கையிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து தரைக்கும் நடுக்கமில்லாமல் போய்வந்தது. மனுக் கொடுக்க வந்திருந்த குடியானவர்கள் தங்கள் வேலையை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். கடைசியாகச் சுவரில் மாட்டியிருந்த சக்கரவர்த்தியின் படத்தைக் காட்டி, அது யார் என்று கேட்டார் தாசில்தார். ஜமேதார் பதில் சொன்னதோடு நிற்காமல் படத்துக்கும் ஒரு சல்யூட் வைத்தார். "பேஷ்!" என்று தொடையில் தட்டிய தாசில்தார் என் பக்கம் திரும்பி, "இந்த ஆளுக்கா சித்தம் கலங்கியிருக்குன்னு எழுதினீங்க, டாக்டரம்மா? எங்க டவாலி சேவகனைவிட ஒழுங்கா நிக்கிறாரே!" என்றார். கச்சேரி முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஜமேதாரின் மனைவியும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே வாயிலிருந்த வெற்றிலைச் சாற்றைப் புளியமரத்தடியில் துப்பினாள்.

அந்த அம்மாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். தமக்கு நல்லது செய்தவர்களைப் பற்றி எழுதுவதே உலக வழக்கம். ஜமேதாரம்மாள் எனக்கு ஒரு நல்லதும் செய்ததில்லை. நான் அவளுக்குச் செய்ததாக அவளும் ஒப்புக்கொண்டதில்லை. எனக்கு அவளைப் பிடிக்காது. அவளுக்கு என்னை அதைவிடப் பலமடங்கு பிடிக்காது. ஆனாலும், என் படிப்புக்குத் தெரியாத ஒரு காரியத்தை அவள் செய்தாள். அதை எழுதிவைக்காவிட்டால் இந்த ஊரில் அது யாருக்குமே தெரியாமல் போகும்.

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில், தோல் ஊறும் சாற்றுக்காக ஆவாரம்பட்டை இடிக்கும் பெண்களுக்கு அவள் மேஸ்திரி. உயரமான, எலும்பு பருத்த உடம்பு. பட்டைச் சாறு ஏறி ஏறி, கைகள் இரண்டும் முழங்கை வரை செங்காவி நிறம். குரல் எடுத்தால் உலக்கைச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். அவளுடைய புருஷர் பஸ்ரா யுத்தத்துக்குப் போய் வந்தவர். ஜமேதாராக ஓய்வு பெற்றுப் பேரணாம்பட்டு பக்கம் கொஞ்சம் வேர்க்கடலைக் காடு வாங்கியிருந்தார். பன்றி விரட்டுவதற்கென்று லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தது. திரும்பி வந்த சில வருஷங்களில் அவர் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. டேனரிக் கழிவைத் தின்ன வரும் பருந்துகள், பஸ்ராவில் செத்துப்போன தன் கம்பெனி ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவதாகச் சொன்னார். ஒருநாள் பட்டப்பகலில், தோல் காயப்போட்டிருந்த மைதானத்தில் நின்று வானத்தை நோக்கிச் சுட்டார். யாருக்கும் காயமில்லை. அக்கம்பக்கத்தார் பயந்துபோய் மனுக் கொடுத்தார்கள். போலீசார் துப்பாக்கியை எடுத்து வைத்துக்கொண்டு, டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் ரஜாவில் ஊருக்குப் போய்விட்டதால், பெண்கள் டிஸ்பென்சரியில் இருந்த என்னிடம் அந்த வேலை வந்துசேர்ந்தது.

வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் படித்து, வேலைக்குச் சேர்ந்து அப்போது அதிக நாள் ஆகவில்லை. எதையும் வரிசையாக எழுதிக்கொள்ளாமல் எனக்கு யோசிக்க வராது. பயிற்சிக் காலத்தில் பட்டணத்துப் பைத்திய ஆஸ்பத்திரியில் சில வாரங்கள் இருந்தபோது, நோயாளி எந்தத் தேதி என்று சரியாகச் சொல்கிறானா என்பதைப் பெரிய டாக்டர்கள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். தேதி தெரிந்த ஆள் அடுத்த வாரம் கிணற்றில் மிதந்ததையும் நான் அங்கேதான் பார்த்தேன். அதனால் என் வரிசையில் தேதி கடைசியில்தான் இருந்தது. குரல்கள் பெயரை மட்டும் சொல்கின்றனவா, எதையாவது செய்யச் சொல்கின்றனவா? யார்மேல் கோபம்? தூக்கம் எப்படி? குடி உண்டா? நாளைக்கு, அடுத்த மாதத்துக்கு என்று எதையாவது நினைத்திருக்கிறாரா? வெடிமருந்தும் குண்டும் வீட்டில் எங்கே இருக்கின்றன? இப்படிப் போயின என் கேள்விகள்.

ஜமேதார் மரியாதையாகவே பதில் சொன்னார். யார்மேலும் கோபமில்லை என்றார். குடி இல்லை. குரல்கள் அவரை எதையும் செய்யச் சொல்வதில்லை. "பேர் கூப்பிடறாங்க. ஆஜர் சொல்லணும். எல்லாரும் சொல்லிட்டாங்க, நான்தான் பாக்கி" என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெட்கம் தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஜமேதாரம்மாள் பொறுமையிழந்து குறுக்கிட்டாள். "இன்னாம்மா சும்மா கேட்டதையே கேக்கற? அமாவாச வந்தா கொஞ்சம் சத்தம் போடுவாரு. அன்னிக்கு நானே துப்பாக்கிய எடுத்துப் பட்ட கொடவுன்ல ஒளிச்சு வெச்சுடுவேன். அமைதியாய்ட்டார்னா எடுத்துக் குடுத்துடுவேன். வருஷக்கணக்கா இப்படித்தான் நடக்குது. யாருக்கு இன்னா ஆச்சு?"

அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. கத்துகிற நாளில் அவருக்குச் சண்டை போட எதிரில் ஆட்கள் இருந்தார்கள். அமைதியான நாளில் 'நான்தான் பாக்கி' என்ற ஒன்றுதான் இருந்தது. இந்த வீட்டார் ஆபத்தைச் சத்தத்தை வைத்து அளந்தார்கள். ஆபத்தில்லாத நாளில் துப்பாக்கியைப் பிடுங்கி, ஆபத்தான நாளில் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இதை ஜமேதாரம்மாளிடம் சொன்னேன், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த ஆள் பிறரைச் சுடுவார் என்று நான் நினைக்கவில்லை, தம்மைத்தாமே சுட்டுக்கொள்வார் என்று நினைக்கிறேன், அதிலும் அமைதியான நாளில்தான், ஆகவே துப்பாக்கி அந்த வீட்டுக்குத் திரும்பக்கூடாது என்று எழுதி அனுப்பினேன்.

தாசில்தார் அதைத் தனியாகப் படிக்கவில்லை. அவருடைய குமாஸ்தா முற்றத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார். "தூங்குற மாடு முட்டும், சீறுற மாடு முட்டாதுங்கறீங்க" என்று தாசில்தார் சிரித்தார். பிறகுதான் அந்த டிரில் பரீட்சை. ஒருவர் தம் இருபது வயதில் எலும்புக்குள் ஏற்றிக்கொண்ட பழக்கம் மனசு உடைந்த பிறகும் உடையாது என்று சொல்லிப் பார்த்தேன். "பட்டாளத்து ஆளைப் பத்திப் பட்டாளத்துக்குத் தெரியும். பிரசவ கேஸ் வந்தா உங்களைக் கூப்பிடறோம்" என்று பதில் வந்தது. அன்றே துப்பாக்கி ஜமேதார் கைக்குத் திரும்பிவிட்டது.

என் எழுத்து துப்பாக்கியை நிறுத்தவில்லை. ஒரு கல்யாணத்தை நிறுத்திவிட்டது. ஜமேதாரின் மகளுக்குக் குடியாத்தத்தில் பேசி முடித்திருந்த சம்பந்தம், "அப்பனுக்குச் சித்தம் கலங்கியிருக்குதுன்னு கச்சேரியிலயே படிச்சாங்களாமே" என்று முறிந்துபோயிற்று. மறுநாள் டிஸ்பென்சரி வாசலில் தோலிலிருந்து வழித்தெடுத்த கழிவுச் சதை ஒரு கூடை கொட்டிக் கிடந்தது. பருந்துகள் என் கூரைமேல் வந்து உட்கார்ந்தன. சந்தைத் தெருவில் ஜமேதாரம்மாள் என்னை மறித்துக்கொண்டாள்.

"படிச்ச திமிரு! எங்கூட்டு மானத்த பேப்பர்ல எழுதி ஊருக்குப் படிச்சுக் காமிச்சியே. எங்கிட்ட வந்து காதோட சொல்லியிருந்தா இன்னா, உன் நாக்கு தேஞ்சு பூடுமா?"

"உங்க கிட்டதான் முதல்ல சொன்னேன். நீங்க கேக்கல."

"கேக்கறமாதிரி சொன்னியா? வாத்தியாரம்மா மாதிரி சொன்ன. எம் பொண்ணு கழுத்துல தாலி ஏர்றவரைக்கும் உன் வாசப்படிய ஒரு பொம்பள மிதிக்க மாட்டா, பாத்துக்கோ."

அவள் சொன்னால் சொன்னதுதான். பட்டை இடிக்கும் பெண்கள் வருவதை நிறுத்தினார்கள். வழக்கமாகக் கூட்டம் நெரியும் செவ்வாய்க்கிழமைகளில் நானும் கம்பவுண்டரம்மாவும் காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கம்பவுண்டரம்மா விதவை, வாய்த்துடுக்கு உள்ளவள். "நல்லதாப் போச்சு டாக்டரம்மா, வியாதி எல்லாம் உங்களுக்குப் பயந்து ஊரவிட்டே ஓடிப்போச்சு" என்பாள். எனக்குச் சிரிப்பு வராது. காய்ச்சலோடு எத்தனை குழந்தைகள் அந்த வீடுகளில் கிடக்கின்றன என்ற கணக்கு என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் ஜமேதாரம்மாளை நான் முழுமனதோடு வெறுத்தேன்.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் அவளே டிஸ்பென்சரிக்கு வந்தாள். புதுப்புடவை, தலையில் பூ, கையில் வெற்றிலைத் தட்டு. தட்டில் வெல்லமும் பொரியும். மருந்துக்காக வரவில்லை. ஜெயித்ததைக் காட்டிவிட்டுப் போக வந்திருந்தாள்.

"எடுத்துக்கோ. உனக்குத்தான் கொணாந்தேன். எங்கூட்டு ஆளு கொணமாய்ட்டாரு. மருந்தும் இல்ல மாயமும் இல்ல. சோளிங்கர் மலையேறி மொட்ட போட்டுக்கினு வந்தாரு, அன்னிலருந்து ஒரு சத்தம் கெடையாது. பேர் கூப்பிடறாங்கன்னு சொல்றதே இல்ல. நல்லா சாப்பிடறாரு. எந்தம்பிகிட்ட எப்பவும் முறைப்பா இருப்பாரு, இப்ப அவனக் கூப்பிட்டு அந்தப் பட்டாளத்துக் கோட்டையும் பூட்ஸையும் தூக்கிக் குடுத்துட்டாரு. வேர்க்கடலக் காட்ட எம்பேர்ல எழுதி வெச்சுட்டாரு. பக்கத்தூட்டாங்க கிட்டல்லாம் போய், தப்பா பேசியிருந்தா மன்னிச்சுக்கோங்கன்னு கும்பிட்டுட்டு வந்தாரு. இப்படி ஒரு தங்கமான மனுஷனப் போயி..."

அவள் பேசப் பேச நான் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். கோட்டு, பூட்ஸ், காடு, மன்னிப்பு. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக முடித்துவைத்திருக்கிறார். "துப்பாக்கி?" என்று கேட்டேன்.

"அவரே துடைச்சு எண்ண போட்டு வெச்சிருக்காரு. நாளைக்குப் பூஜையில வைக்கணுமே. விஜயதசமியன்னிக்கு நானே என் கையால எடுக்கறேன், நீங்கள்லாம் கோயிலுக்குப் போய்ட்டு வாங்கன்னு சொல்லிட்டாரு."

நான் எழுந்து நின்றேன். இந்த முறை வரிசையும் இல்லை, படிப்பும் இல்லை. "அவர் சாகப் போறாரு, அம்மா. எல்லாருகிட்டயும் விடை வாங்கிட்டாரு. விஜயதசமியன்னிக்கு நீங்க கோயில்ல இருந்து திரும்பி வரும்போது அவர் இருக்க மாட்டாரு" என்றேன்.

தட்டு சுவரில் மோதி விழுந்தது. பொரி அறை முழுக்கச் சிதறியது. "உன் வாய்ல மண்ணு விழ!" என்றாள். நல்ல நாளும் அதுவுமாக என் குலத்தையும் பிறப்பையும் அவள் வைத வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கம்பவுண்டரம்மா குனிந்து பொரியைப் பொறுக்க ஆரம்பித்தாள். போகும்போது வாசற்படியில் மட்டும் ஒரு கணம் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே போய்விட்டாள்.

நான் கச்சேரிக்குப் போனேன். தசரா விடுமுறை. தாசில்தார் சொந்த ஊருக்குப் போயிருந்தார். போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு, "பூஜைக்கு வைக்கப்போற ஆயுதத்தைப் போய்ப் பிடுங்கிக்கினு வரச் சொல்றீங்களா? அதுவும் லைசென்ஸ் இருக்கற ஆளு கிட்ட? எங்க கைக்கு வெலங்கு பூட்டுவாங்கம்மா" என்றார். பூஜையில் வைத்த கருவியை உடையவன்தான் மறுநாள் எடுக்க வேண்டும், அதற்குள் இன்னொரு கை தொட்டால் அந்த வருஷம் முழுக்க வீடு விளங்காது என்பது இங்கே எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை. டேனரியில் கத்தி பிடிக்கிறவன் முதல் ஜட்கா வண்டிக்காரன் வரை அந்த ஒருநாள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஜமேதார் எல்லாம் யோசித்துத்தான் நாள் பார்த்திருந்தார்.

விஜயதசமி காலையில் நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். போய் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. தெருமுனையிலேயே கூச்சல் கேட்டது. உள்ளே, பூஜை மணையில் அரிவாள்மணையும் உலக்கையும் மண்வெட்டியும் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன. நடுவில் துப்பாக்கி வைத்திருந்த இடத்தில் பூச்சரம் மட்டும் கிடந்தது. மொட்டைத் தலையும் வேட்டியுமாக ஜமேதார் சுவரில் கையால் அறைந்துகொண்டிருந்தார். "யார் எடுத்தது? என் சாமான யார் தொட்டது?" என்று கத்தினார். உறவினர்கள் மூலைக்கொருவராக ஒதுங்கியிருந்தார்கள். பட்டை கொடவுனில் தேடிவிட்டார்களாம், இல்லையாம்.

என்னைக் கண்டதும் ஜமேதாரம்மாள் முன்னால் வந்தாள். "இதோ வந்துட்டாளே திருடி! முந்தாநேத்து முழுக்க ஸ்டேஷனுக்கும் கச்சேரிக்கும் அலைஞ்சா. ஆள் வெச்சு எடுத்தது இவதான். எங்க சாமிய இவ மதிப்பாளா? பூஜைச் சாமான்ல கைய வெக்க இவளுக்குத்தான் மனசு வரும்!" என்று என்னை நோக்கிக் கைநீட்டிக் கத்தினாள்.

நீட்டிய அந்தக் கையை நான் பார்த்தேன். முழங்கை வரை எப்போதும் இருக்கும் பழைய காவி. அதற்குமேல், தோள்பட்டை வரைக்கும், இன்னும் சரியாகக் காயாத புதுக் கறை. விடுமுறை நாளில் யாரும் பட்டைச் சாற்றில் தோல் ஊறும் தொட்டியில் கை விடுவதில்லை. அப்படி வேலை செய்தாலும் தோள்வரைக்கும் நனையாது. ஆழத்தில் எதையோ கொண்டுபோய் அழுத்தினால்தான் நனையும்.

எனக்குப் புரிந்தது என்பது அவளுக்கும் தெரிந்தது. கையைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். குரலை மட்டும் இறக்கவில்லை. இன்னும் உரக்க, "திருடி! திருடி!" என்றாள். ஜமேதார் என் பக்கம் திரும்பினார். வாரக்கணக்காகச் செத்துக்கிடந்த கண்களில் கொழுந்துவிட்ட கோபத்தைப் பார்த்தேன். மறுத்திருக்கலாம். மறுத்தால் அவர் அடுத்து யாரைப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தேன். முதுகில் ஒரு செருப்பு வந்து விழுந்தது.

விடுமுறை முடிந்து டேனரி திறந்ததும் ஒரு தொட்டியிலிருந்த தோல் அத்தனையும் மை போலக் கறுத்து வெளியே வந்தது. பட்டைச் சாறு இரும்பைத் தொட்டால் கறுத்துவிடும். இது டேனரியில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவளுக்கும் தெரியும். மேஸ்திரிக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்திருக்கிறாள். கொடவுன் ஜமேதாருக்குத் தெரியும், கிணற்றில் போட்டால் பாதாளக் கரண்டி விட்டு எடுத்துவிடுவார். ஊரே தொழுகிற நாளில் தொட்டிக்குள் யாரும் தேடமாட்டார்கள். முதலாளி சாயபு தொட்டியை இறைக்கச் சொன்னார். அடியில் துருவேறி, குழாய்க்குள் சகதி அடைத்து, இனி எதற்கும் உதவாத நிலையில் துப்பாக்கி கிடந்தது. அதை ஒரு சாக்கில் சுற்றிப் போலீசாரிடம் கொடுத்துவிட்டு, ஜமேதாரம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, "இரும்பு தானா நடந்து தொட்டிக்குள்ள எறங்காது, அம்மா. மேஸ்திரி வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன். நீ உலக்க புடி" என்றாராம். வேறு ஒன்றும் கேட்கவில்லையாம். இதைக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னவள் கம்பவுண்டரம்மா. தொட்டியில் துப்பாக்கியைப் போட்டதும் அந்த டாக்டரம்மாதான் என்று ஊர் சொல்லிக்கொண்டது. இன்றும் சொல்கிறது.

ஜமேதார் அதற்குப் பிறகு பல நாள் கத்தினார். கத்துகிறார் என்று கேள்விப்பட்டபோதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவருக்குச் சண்டை போட ஒரு ஆள் கிடைத்துவிட்டாள். 'நான்தான் பாக்கி' என்ற பேச்சு மெல்லக் குறைந்து, 'அந்தத் திருடிய விடமாட்டேன்' என்று மாறியது. துப்பாக்கி லைசென்ஸ் ரத்தாயிற்று. மகளுக்கு வாணியம்பாடியில் வேறு இடம் அமைந்தது. பெண்கள் ஒவ்வொருவராக டிஸ்பென்சரிக்குத் திரும்பி வந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அதுவே போதும்.

இந்த மாதிரி நோயாளிகளிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று இப்போது என்னிடம் படிக்க வரும் நர்சுகளுக்குச் சொல்லித்தருகிறேன். தூக்கம், குடி, குரல், கோபம், கொடுத்துவிட்ட சாமான்கள். அமைதியைக் கண்டு ஏமாறாதே என்று சொல்கிறேன். அதற்குமேல் ஒன்று இருக்கிறது, அதைப் பாடமாகச் சொல்லத் தெரியவில்லை. அபாயம் எங்கே என்று நான் சரியாகச் சொன்னேன். சொன்னதால் ஒன்றும் நடக்கவில்லை. என்மேல் தட்டை வீசியெறிந்துவிட்டுப் போனவள்தான் அதற்கு ஏதாவது செய்தாள்.

ஒவ்வொரு சந்தை நாளும் அவர்கள் இரண்டு பேரும் வருகிறார்கள். ஜமேதாருக்குத் தூக்க மருந்து நான்தான் கலக்க வேண்டும். அவர் உள்ளே வரமாட்டார். தெருவில் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம், "ஒரு சிப்பாயோட ஆயுதத்தத் திருடின பொம்பள உள்ள உக்காந்திருக்கா பாரு" என்பார். தலை நரைத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. போன வாரம் ஜமேதாரம்மாள் கழுவிய சீசாவை மேஜைமேல் டொக்கென்று வைத்துவிட்டு, வழக்கம்போல் என் முகத்தைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"திருடின்னு சொன்னது சொன்னதுதான். நான் கண்ண மூடற வரைக்கும் மாத்திச் சொல்ல மாட்டேன்."

"மாத்திச் சொல்லாதீங்க" என்றேன். "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு அவுன்ஸ். சீசாவ உங்க கைலயே வெச்சுக்கோங்க, அவர்கிட்ட குடுக்க வேணாம்."

"அது எனக்குத் தெரியாதா? பெரிசா சொல்ல வந்துட்டா" என்று முணுமுணுத்துக்கொண்டே சீசாவை மடியில் கட்டிக்கொண்டு வெளியே போனாள். தெருவில் ஜமேதார் என்னை வைதுகொண்டிருந்தார். அவளும் சேர்ந்துகொண்டாள்.